லூயிஷாமில் அத்தான் ஆடுகிறார்

ஷரோன் லண்டனிலிருந்து அழைத்தபோது நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். "சித்தி, அப்பா ஒவ்வொரு ஞாயிறும் டான்ஸ் ஆடப் போறார்" என்று விசும்பினாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். வெட்டுகிற நேரத்தில் இப்படிப்பட்ட செய்தி துணிக்கு ஆகாது.

ஷரோன் என் அக்கா பிலோமினாவின் ஒரே மகள். நாங்கள் மன்னார்க்காரர். சண்டைக் காலத்தில் அக்கா கல்யாணமாகி லண்டன் போனாள். நான் படகேறி வந்து திருச்சியில் தங்கி, புத்தூரில் தையல் கடை போட்டுவிட்டேன். அக்கா இறந்து நான்கு வருடம். அவள் கணவர் அன்ரன் அத்தானுக்கு அறுபத்தேழு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் இப்போது ஒரு கறுப்புப் பொம்பிளையோடு ஆடுகிறாராம். நாங்கள் மட்டும் என்ன சுண்ணாம்பு நிறமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மகள் சொல்லி அவர் கேட்கவில்லை. செத்துப்போனவளின் தங்கை நேரில் வந்து இரண்டு வார்த்தை கேட்டால் கூசிப்போய் நிறுத்திவிடுவார் என்பது ஷரோனின் கணக்கு. எனக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது. அக்காவின் இடத்தில் இன்னொருத்தியா என்று வயிறு எரிந்தது.

கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினேன். ஷரோன் வீடு லண்டனின் ஹரோவில். அங்கே வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்து நிற்கின்றன. ஒரு பாதியில் புதுச் சாயம், மறு பாதியில் பாசி. ஒரே துணியில் பாதியை மட்டும் துவைத்த மாதிரி இருக்கிறது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். பேரன் மட்டும் பீட்சா சாப்பிட்டான். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறவன், என்னைப் பார்த்து 'வணக்கம்' என்று சொல்லிவிட்டு, கடமை முடிந்தது என்று மாடிக்குப் போய்விட்டான்.

சாப்பிட்டபடியே ஷரோன் எனக்குப் பாடம் எடுத்தாள். அந்தப் பெண்ணின் பெயர் டொரின். ஷரோனுக்கு அவளை முன்பே தெரியும். அக்காவின் இரண்டாம் வருட நினைவுத் திருப்பலிக்கு அப்பா சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்த கேட்டரிங்காரி அவள். அன்றைக்குக் கொண்டுவந்த தட்டுகள் அவ்வளவு ருசி என்பதால், மகனின் முதல் நற்கருணைக்கு ஷரோனே அவளிடம் உள்ளே கறி வைத்துப் பொரித்த பற்றிஸ் எண்பது சொல்லிச் செய்வித்திருக்கிறாள். "சமைக்க வந்தவ, சித்தி. இப்ப அப்பாவையே கொண்டு போறா" என்றாள்.

மறுநாள் அத்தான் இருக்கும் லூயிஷாமுக்குத் தனியாகவே போகிறேன் என்று வீரம் பேசிக் கிளம்பினேன். ஹரோ ஸ்டேஷனில் நான்கைந்து மேடைகள். எல்லா ரயிலும் ஒரே நிறம். கூட்டம் குறைவாக இருந்த ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். கூட்டம் ஏன் குறைவு என்று யோசித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வீடுகள் போய் மரங்கள் வந்தன, மரங்கள் போய் ஆடுகள் வந்தன. லண்டனுக்கு நடுவில் இவ்வளவு ஆடா என்று வியந்துகொண்டிருந்தேன். எதிரே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தாத்தாவிடம் லூயிஷாம் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். "அம்மா, அடுத்தது செஷாம். அதற்குப் பிறகு தண்டவாளமே இல்லை" என்றார். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகக் கிளம்பி மணப்பாறையில் இறங்கியவள் நிலை எனக்கு. அவரே இறங்கி, எதிர்த்திசை ரயிலில் ஏற்றிவிட்டு, ஒரு மிட்டாயும் தந்தார். வெள்ளைக்காரர் பேசமாட்டார்கள் என்று சொன்னவர்கள் யாரும் தொலைந்துபோய்ப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கடைசியில் ஏறிய குட்டி ரயிலுக்கு ஓட்டுநரே இல்லை. முன் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்து நானே ஓட்டுவது போல வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருந்த அன்ரன் அத்தானிடம் அதைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். டிரைவர் இல்லாத வண்டியை அவர் வண்டியென்றே ஒப்புக்கொள்வதில்லை.

நான் கண்டிக்க வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் என்னைப் பேசவே விடவில்லை. நண்டுக் கறி வைத்திருந்தார், அக்காவின் கைப்பக்குவம் அப்படியே. நான் வாயில் வைத்துவிட்டுக் கோபப்பட முடியாமல் இருந்த நேரம் பார்த்து எழுந்து போய் ஓர் இசைத்தட்டைப் போட்டார்.

ரெகே பாட்டு என்றால் தாடி, புரட்சி, சாமி என்றுதான் எனக்குத் தெரியும். இது வேறாக இருந்தது. கீழே கனமான பேஸ் கிட்டார், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பது போல. மேலே ஒரு பெண் குரல். பதினாறு வயதுக்கு மேல் இராது. என்னை விட்டுப் போகாதே என்ற ஒரே விஷயத்தை அவள் சண்டையில்லாமல், கெஞ்சாமல், பக்கத்தில் நின்று காதில் சொல்வது போலப் பாடினாள். மேசைமேல் இருந்த நண்டு ஓடு லேசாக அதிர்ந்தது.

இதற்கு லவ்வர்ஸ் ராக் என்று பெயர் என்றார் அத்தான். ஜமைக்காவிலிருந்து வந்ததா என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, இது லண்டன் சரக்கு. இந்தப் பக்கத்திலதான் பிறந்தது" என்றார், தானே பெற்றது போல. ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள்கள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள், அப்பா அண்ணன்களின் தாளத்தை எடுத்துத் தங்கள் காதலைப் பாடியிருக்கிறார்கள். அந்த நாளில் படிக்க வந்த அத்தான் பிராக்லியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தார். வாரக் கடைசியில் நிலவறையில் பார்ட்டி. பேஸ் கட்டில் கால் வழியாக ஏறி முதுகுக்கு வருமாம். மூன்று வாரம் தூங்காமல் கிடந்துவிட்டு நான்காம் வாரம் தானும் ஆட இறங்கிப் போய்விட்டார்.

அத்தான் வீட்டிலேயே தங்கினேன். சனிக்கிழமை அவர் ஏற்பாட்டில் டொரினைப் பார்த்தேன். லூயிஷாம் சந்தையில், வாழைக்காய் குவிந்திருந்த கடை முன்னால். அறுபதைத் தாண்டிய, உயரமான, நிமிர்ந்த பெண்மணி. ஓய்வுபெற்ற நர்ஸ். தாய் தகப்பன் செயின்ட் லூசியாத் தீவு, இவள் பிறந்தது பக்கத்து டெப்ட்போர்டில். கத்தோலிக்கர், அதிலும் அத்தானின் பங்குக் கோயிலிலேயே ஆங்கிலப் பூசைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். மதம் வேறு என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லாமல் போயிற்று. என் தொழில்புத்தியில் முதலில் பாவாடையைத்தான் பார்த்தேன். கத்தி மடிப்பு, ஒவ்வொன்றும் அச்செடுத்தது போல. தானே தைத்தது என்றாள். எதிராளியின் மடிப்பு இவ்வளவு நேராக இருந்தால் எப்படிச் சண்டை போடுவது?

தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டாள். உப்புக் கருவாட்டைத் தண்ணீரில் அலசி, உதிர்த்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கி, அவித்த வாழைக்காயோடு வைத்தாள். இது எங்கள் தேசிய உணவு என்றாள். இதில் தேங்காய்ப்பால் விட்டால் மன்னார் என்றேன். அவள் எழுந்து போய்த் தேங்காய்ப்பால் டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டேனே என்று பிறகு எனக்கே என்மேல் எரிச்சல்.

கேட்டரிங் தொழில் எப்படிப் போகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். டொரின் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டரிங் செய்பவள் இல்லை" என்றாள்.

அன்றைக்கு நினைவுத் திருப்பலிக்கு அவள் வந்தது அன்ரனின் தோழியாக. துக்க வீட்டுக்குச் சும்மா போகக்கூடாது என்று நாலு தட்டு நிறையச் சமைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கூடத்தில் உறவுக்காரர்கள், பங்குத் தமிழர்கள், மகள், எல்லோரும் அத்தானைப் பார்த்து இது யார் என்று கேட்டிருக்கிறார்கள். அத்தான் வாயைத் திறந்து, சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்ட ஆள் என்று சொல்லிவிட்டார். உடனே யாரோ எச்சில் தட்டுகளை அவள் கையில் கொடுத்தார்கள். வாங்கிக் கழுவியிருக்கிறாள். ஷரோன் பற்றிஸ் கேட்டபோது, இல்லையென்று சொன்னால் அவர் பொய் உடைந்துபோகுமே என்று அதையும் செய்து கொடுத்திருக்கிறாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றுவரை கோயிலில் தமிழர் கூட்டத்தோடு வரும்போது அவர் அவளைக் கண்டால் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான் இது. ஆணும் பெண்ணும் பக்கத்தில் நின்றால் ஒரு காரணம் காட்டியாக வேண்டும். டியூஷன் டீச்சர், டாக்டர் வீட்டு அம்மா, தூரத்துச் சொந்தம், சமையல்காரி, எதுவும் ஆகலாம், அவரவர் மட்டும் ஆகக்கூடாது. நானே எத்தனை தடவை இப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் தங்கை வீட்டுக்கு, செயின்ட் லூசியாவுக்குப் போகிறேன் என்றாள் டொரின். அங்கே அவளுக்கென்று ஓர் அறை காலியாக இருக்கிறதாம். திரும்பி வருவதற்கு இன்னும் டிக்கெட் போடவில்லை. "நான் யாரென்று மகளிடம் சொல்லும்வரை என்னிடம் எதையும் கேட்காதே என்று அன்ரனிடம் சொல்லிவிட்டேன். ஒரு தடவை சமையல்காரியாக இருந்தாயிற்று. இன்னொரு தடவை முடியாது."

மாலையில் அத்தான் என்னைப் பஸ்ஸில் ஊர் காட்டக் கூட்டிப்போனார். மேல் மாடியில் முன் சீட். ஓட்டுகிற பையன் பிரேக் போடும்போதெல்லாம் அத்தானின் வலது காலும் தரையை அழுத்தியது. நான் வந்த வேலையைத் தொடங்கினேன், ஆனால் நினைத்து வந்த கேள்வி வேறு, வாயில் வந்தது வேறு. முப்பது வருடம் கூட வாழ்ந்த என் அக்காவை ஏன் ஒரு நாளாவது இந்த ஆட்டத்துக்குக் கூட்டிப் போகவில்லை என்று கேட்டேன்.

அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேட்டனான். கலியாணம் முடிச்ச புதுசில ரெண்டு மூண்டு தரம் கேட்டனான். ஆக்கள் பாப்பினம் எண்டவ. நானும் விட்டிட்டன். இப்ப அவவின்ர பயம் எனக்குத் தொத்திப் போச்சு."

அன்றிரவு ஷரோனைக் கூப்பிட்டு, நாளை நாலு மணிக்குக் காரோடு வந்து என்னை அழைத்துப் போ என்று மண்டபத்தின் முகவரியைக் கொடுத்தேன். பேசியாயிற்றா என்று கேட்டாள். இது ஆள் அனுப்பிப் பேசுகிற விஷயம் இல்லை, நீயே வந்து பார் என்றேன். பற்றிஸ் கதையை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அவர். ஷரோன் வருவதை அத்தானிடமும் சொல்லவில்லை. தூதுவர் வேலையில் இது சேர்த்தியா என்று தெரியாது. ரவிக்கை கோணலாகிவிட்டால் பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

மண்டபம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்தது. இரண்டு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிந்துவிடும். வந்தவர்கள் பெரும்பாலும் முட்டிக்கு மாத்திரை போடுகிறவர்கள். ஒரு மூலையில் பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நடுவில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் இசைத்தட்டுகளைத் தேர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் பின்னல் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை, பெண்கள் பாவாடை. உடுத்துவதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. நான் காஞ்சிப் பட்டில் போயிருந்தேன், நல்லவேளை.

ஆட்டம் என்று நான் நினைத்தது எதுவும் அங்கே நடக்கவில்லை. ஆண் ஒருவர் வந்து பெண்ணின் முழங்கையை விரலால் தொடுகிறார். அவளுக்கு இஷ்டமிருந்தால் எழுந்து வருகிறாள், இல்லையென்றால் தலையசைக்கிறாள், அவர் போய்விடுகிறார். வந்தால் இருவரும் அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான். பாதம் தரையை விட்டு எழுவதில்லை. ஒரு டைல்ஸுக்குள் ஒரு ஜோடி, இடுப்பு மட்டும் மெல்ல அசைகிறது, கண் மூடியிருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாண ரிசப்ஷனில் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துக் கூசாதவள், இந்த அசையாத மனிதர்களைப் பார்த்துத் தலை குனிந்தேன். பிறகு மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். அத்தானும் டொரினும் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கன்னம் அவள் நெற்றியோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு அமைதியாக அவரை நான் பார்த்ததே இல்லை. என் வயிற்றெரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

திடீரென்று சிலர் சுவரைப் படபடவென்று தட்டினார்கள். தொப்பிக்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். கரண்ட் போய்விட்டது என்று நான் எழுந்து நின்றுவிட்டேன், திருச்சிப் பழக்கம். பக்கத்திலிருந்த ஊன்றுகோல் பாட்டி என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். "பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கிறது, முதலிலிருந்து மறுபடி போடச் சொல்கிறார்கள்" என்றாள். தட்டு திரும்பத் தொடங்கும்வரை ஜோடிகள் விலகக்கூடாதாம். அணைத்தபடியே நிற்க வேண்டுமாம்.

நாலு மணிக்கு ஷரோன் கதவைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மறுபடியும் சுவர் அதிர்ந்து, பாட்டு நின்றது. மண்டபம் முழுவதும் ஜோடிகள் பிடித்த பிடியில் நின்றார்கள். அத்தான் மட்டும் மகளைப் பார்த்ததும் சுடுசட்டியைத் தொட்டவர்போல் கையை எடுத்துவிட்டார். டொரின் தன் டைல்ஸில் தனியாக நின்றாள்.

ஷரோன் நேராக வந்தாள். பல்லைக் கடித்த சிரிப்போடு, "ஹலோ அன்ரி, இங்கேயும் கேட்டரிங் நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

டொரின் திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவர் தமிழில்தான் தொடங்கினார், பிறகு நிறுத்தி ஆங்கிலத்துக்கு மாறினார், அவளுக்கும் விளங்க வேண்டும் என்று.

"இவள் கேட்டரிங்காரி இல்லை, ஷரோன். ஒருநாளும் இல்லை. அம்மாவின் நினைவு நாளில் நான் பொய் சொன்னேன். இவள் எனக்காக வந்தவள். நான் இவளை எச்சில் தட்டுக் கழுவவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்."

சொல்லிவிட்டு டொரினின் முழங்கையை ஒரு விரலால் தொட்டார். அவள் உடனே வரவில்லை. தொப்பிக்காரர் இசைத்தட்டு முள்ளைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

ஷரோனின் முகம் வெளிறிவிட்டது. "நான் இவவிட்ட எண்பது பற்றிஸ் ஓர்டர் குடுத்தனான், சித்தி" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

'எண்பது', 'பற்றிஸ்' இரண்டில் பின்னது டொரினுக்கும் விளங்கியது. "எண்பத்து நான்கு செய்தேன்" என்றாள் நிதானமாக. "நான்கு உடைந்துவிட்டது." பிறகு அத்தானிடம் போனாள்.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. ஷரோன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அம்மாவோடு அப்பா ஒரு நாளும் ஆடியதில்லையே என்றாள். அவர் கேட்டார், உன் அம்மாதான் ஆட்கள் பார்ப்பார்கள் என்று மறுத்துவிட்டாள் என்றேன். பாட்டு முடிந்து அடுத்ததும் முடிந்தது. பிறகு, அந்தப் பாவாடை யார் தைத்தது என்று கேட்டாள்.

வெளியே வந்தபோது மழை. டொரின் பஸ்ஸுக்குப் போகிறேன் என்று குடையை விரித்தாள். ஷரோன் காரின் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அன்ரி, முன்னால் உட்காருங்கள்" என்றாள். அக்கா இருந்தவரை அந்தக் காரில் முன் சீட் அவளுடையது. டொரின் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆயுள் முழுக்க ஸ்டீயரிங் பிடித்த அத்தான் பின்னால் என்னோடு ஒடுங்கி உட்கார்ந்தார், மண்டபத்துக்கு டொரின் பலகாரம் கொண்டுவந்திருந்த காலித் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு.

காட்போர்டு ரோட்டுச் சிக்னலில் நிற்கும்போது அவர் கைப்பேசி அடித்தது. அத்தான் பாடும் தமிழ்ப் பூசைப் பாடகர் குழுவின் தலைவர். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் வரும் மாலைப் பூசைக்கு ஏன் இன்னும் காணவில்லை என்று அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அத்தான் ஒருமுறை இருமினார்.

"நான் டொரினோட நிக்கிறன். ஓம், அந்த டொரின்தான். இல்லை, சமையலுக்கு இல்லை. நான் கலியாணம் முடிக்க நினைச்சிருக்கிற ஆள்."

தன் பெயரைக் கேட்ட டொரின் திரும்பி, என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நான் வாயெடுக்குமுன் ஷரோன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஆங்கிலத்தில் சொன்னாள்: "உங்களைக் கல்யாணம் செய்யப் போவதாகப் பாடகர் குழுவுக்குச் சொல்கிறார்."

"அப்படியா? என்னிடம் யாரும் கேட்கவில்லையே" என்றாள் டொரின்.

ஷரோன் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தாள்.

"அப்பா, கேளுங்கோ. லைட் மாறப் போகுது."